செட்டிநாட்டு ஊர்த்தோட்டம்: ஐப்பசி முதல் தை வரை என்ன செய்வது

ஐப்பசி பிறந்ததும், ஊர்க்காரர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிற எங்கள் ஊர்த்தோட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். மழை, தீபாவளி, பிள்ளைகளுக்குப் பரீட்சை, சபரிமலைக்கு மாலை என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும், எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் செட்டிநாட்டில் மண் வேலை கேட்கிற மாதங்கள் இவைதான். சித்திரையில் கிணற்று வாளி தரையைத் தட்டும்போது இருபது பேர் வந்து நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஐப்பசியில் நாலு பேர் வந்து ஒரு வாய்க்காலைச் சரியாக வெட்டிவிட்டால் அதன் பலன் பங்குனி வரை இருக்கும். மழை மாதங்களில் தோட்டத்தைப் பூட்டி வைக்காமல், இருக்கிற ஆட்களை வைத்து எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று எங்கள் அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர், அப்புறம் மண், கடைசியில்தான் செடி. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை முதல் வருஷமே பார்த்துவிட்டோம். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆசையாக நட்ட எண்பது தக்காளி நாற்றும் பத்து நாள் அடைமழையில் வேர் அழுகிச் சாய்ந்துவிட்டன. நட்டவர்களில் சிலர் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை, செடி போனதைவிட அதுதான் எங்களுக்கு வருத்தம்.

மழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று இந்தப் பக்கம் பெரும்பாலும் செம்மண், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சரளையும் செம்புராங்கல்லும் தட்டும். இந்த மண்ணுக்கு இரண்டு குணம் உண்டு. மழை பெய்தால் தண்ணீரோடு சத்தும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், இரண்டு நாள் வெயில் அடித்தால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும். கீரை விதை போன்ற சின்ன விதைகளால் அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. "விதை சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் பாத்தியின் மேல்மண்ணை விரலால் கீறிப் பாருங்கள், உள்ளே முளை வளைந்து கிடக்கும்.

அதனால் மேட்டுப்பாத்திதான் நமக்குச் சரி. 4 அடி அகலம், தரையிலிருந்து அரையடி உயரம், நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்து. 4 அடிக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் நின்று நடுப்பகுதிக்குக் கை எட்டாது, யாராவது பாத்திக்குள் காலை வைப்பார்கள். ஈரச் செம்மண்ணில் ஒருமுறை மிதித்த இடம் அந்தப் பருவம் முழுக்கக் கெட்டியாகவே கிடக்கும். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒரே விதி என்றால் அது இதுதான்: நடக்க வேண்டியது வரப்பில், பாத்தியில் இல்லை. ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடி நடைபாதை விட்டால், மழை நாளில் அதுவே வடிகாலாகவும் இருக்கும்.

வடிகாலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குக் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதல் பெருமழை பெய்யும்போது இடி மின்னல் இல்லையென்றால் குடையோடு போய் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்பதை அதுவே காட்டிவிடும். அந்த இடங்களில் குச்சி ஊன்றிவிட்டு வந்து, மழை விட்ட பிறகு மம்பட்டியை எடுங்கள். தாழ்வான மூலையில் கிணறு இருந்தால் அதன் பக்கத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் சரளையும் போட்டு வாய்க்காலை அதில் விடுங்கள். வாய்க்கால் குழிக்குள் விழும் இடத்தில் கொஞ்சம் வைக்கோலை அடைத்துவைத்தால் வண்டல் உள்ளே போகாது.

பக்கத்தில் ஏதாவது கூரை இருந்தால் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கே ஏறக்குறைய 900 லிட்டர் வரும். முற்றத்தில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்த ஊர் நம்முடையது, கால்கூட நனைக்காமல் ஊருணியைக் காப்பாற்றிய ஊர். ஒரு பழைய டிரம்மும் நாலு அடிக் குழாயும் நமக்குப் பெரிய காரியமில்லை. டிரம்மை மட்டும் துணி கட்டி மூடி வையுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் கொசு வளர்ப்போம், டெங்கு மாதம் வேறு.

மண் பரிசோதனைக்கு எடுப்பதாக இருந்தால் எரு போடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் எட்டுப் பத்து இடங்களில் ஆங்கில வி எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி அரைக்கிலோ எடுத்தால் போதும். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்கத் தயங்காதீர்கள்.

ஐப்பசியில் மண்ணையும் நாற்றையும் பாருங்கள்

ஐப்பசி முழுக்க நிலத்தில் நாற்று நடாதீர்கள். மனசு கேட்காது, தெரியும். அந்த ஆசையை நாற்றுத் தட்டில் காட்டுங்கள். தாழ்வாரத்திலோ ஓட்டுச் சாய்ப்பிலோ சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து, மக்கிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து தட்டுகளில் நிரப்பி, தக்காளியும் கத்தரியும் போடுங்கள். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும், கத்தரிக்கு ஒரு மாதத்துக்கு மேல், மிளகாய்க்கு 40 நாள். அதனால் மிளகாயை மட்டும் புரட்டாசியிலேயே போட்டுவிடுவது நல்லது. மழைக்காலத்து நாற்றுக்கு எமன் நாற்றழுகல் நோய், நேற்று நிமிர்ந்து நின்றது இன்று தண்டு மெலிந்து தரையில் படுத்திருக்கும். அதற்கு விதைக்கும்போதே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைக்க வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு பாக்கெட் விதைதான், ஒரு சிட்டிகை போதும். தண்ணீரை அளவாகத் தெளியுங்கள், மழைக்காலத்தில் தினமும் ஊற்றத் தேவையில்லை.

பிள்ளைகளை வைத்துச் செய்ய ஒரு நல்ல வேலை பனங்கொட்டை புதைப்பது. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழக் கொட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தால், மணல் பாங்கான மூலையில் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான். மழையே தண்ணீர் காட்டிவிடும், காவலும் தேவையில்லை. முதல் மழைக்கு முன்னால் புதைத்துவிட்டால் தையில் கிழங்கு எடுக்கலாம். ஐப்பசியில் புதைப்பது கொஞ்சம் தாமதம்தான், கிழங்கு திரள மாசி ஆகிவிடும்.

ஆள் இல்லாத பாத்திகளை வெறுமனே விடாதீர்கள். பத்துப் பாத்தியில் ஆறுக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் மீதி நாலிலும் சணப்பை விதைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி விதை, ஒரு மழை, அவ்வளவுதான் வேலை. களையையும் அது அமுக்கிவிடும். 45 நாளில் மஞ்சள் பூ எடுக்கும், அந்தச் சமயத்தில் அறுத்து மண்ணோடு மடக்கிவிட்டால் செம்மண்ணுக்கு அதைவிட மலிவான எரு கிடையாது. பூ பார்க்க அழகாக இருக்கிறதே என்று பத்து நாள் விட்டுவைத்தீர்கள் என்றால் தண்டு நாராகிவிடும், மக்காது.

சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கவும் இதுதான் நேரம். வெயில் காலத்தில் கடப்பாரைக்கே அசையாத வேர், அடைமழை விட்ட மறுநாள் கையோடு வந்துவிடும். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் உயரத்துக்குக் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், மேலே வெட்டிவிட்டால் அது இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

மழை நாளில் மண்ணைக் கொத்தலாமா என்று கேட்பார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். மாவு மாதிரி பிசைந்துகொண்டு கையில் ஒட்டினால் மம்பட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். வேலியில் அறுந்த கம்பியைக் கட்டுவது, கருவிகளைக் கழுவி எண்ணெய் போடுவது, எருக்குழியைத் திருப்பிப் போடுவது என்று எத்தனையோ இருக்கிறது.

பாம்பு, நத்தை, மயில்

மழை வளையில் இறங்கினால் பாம்பு மேட்டுக்கு வரும், நம் மேட்டுப்பாத்தியும் சருகுக் குவியலும் அதற்குப் பிடித்த இடங்கள். ஆட்கள் சேர்ந்து வேலை செய்கிற இடம் என்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள். மூடிய செருப்போ பூட்ஸோ இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, எந்தச் சாக்கையும் தென்னங்கீற்றையும் குச்சியால் புரட்டிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் குழாயைத் திறக்கப் போகக் கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் கீறுவது, கயிற்றால் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்கவிடாமல் 108 ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தோட்டத்துக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்.

நத்தைக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். சாயங்காலம் நனைந்த சாக்கை விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் விடிவதற்குள் மொத்தமாக வந்து ஒட்டியிருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், கிருமி இருக்கும். கையுறையோடு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாத்தியில் நேரடியாக உப்பைத் தூவினால் நத்தை சாகும், மண்ணும் சேர்ந்து கெடும்.

மயில் வேறு கதை. குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டு வருகிற மயில்தான் இங்கே முளைத்த கீரையை முழுசாகக் கொத்திவிட்டுப் போகிறது. 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது, விஷம், கண்ணி எதுவும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. நாற்று நட்ட முதல் மூன்று வாரத்துக்குப் பாத்தியின் மேல் வளைத்த குச்சிகளை ஊன்றி வலையைப் போட்டு, ஓரத்தைக் கல் வைத்து அமுக்கிவிட்டால் போதும். வலை தொய்ந்து கிடந்தால் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும், அதனால் இழுத்துக் கட்டுங்கள்.

கார்த்திகையில் நடவு

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடப்பதில்லை, மார்கழியிலும் புயல் மழை வருகிறது. ஆனால் திட்டம் போடும்போது அந்தப் பழமொழியை நம்பித்தான் போட வேண்டும், அதாவது கார்த்திகை முடிவதற்குள் நட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே அதைச் சருகால் மூடி மூடாக்குப் போட்டுவிட வேண்டும்.

கார்த்திகை நடுவில் மழை இடைவெளி விடும்போது தக்காளியும் கத்தரியும் நடுங்கள், இரண்டடிக்கு ஒன்று. சாயங்காலம் நட்டால் இரவுக் குளிர்ச்சியில் வேர் பிடித்துக்கொள்ளும். அதே வாரத்தில் முள்ளங்கி போட்டால் 45 நாள் கணக்கில் சரியாகப் பொங்கலுக்குக் கைக்கு வரும், புதிதாக வந்தவர்களுக்கு நம்பிக்கை தருகிற பயிர் அது. வெந்தயக்கீரை மூன்றே வாரம். கொத்தமல்லி நம் ஊரில் நன்றாக வருவது இந்த மூன்று மாதம்தான், வெயில் ஏறினால் பூத்துவிடும். தனியாவைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். பத்து நாள் வரை முளைக்காது, அதற்குள் கொத்திப் போட்டுவிடாதீர்கள். சின்ன வெங்காயத்தை நாலு விரற்கடை இடைவெளியில் ஊன்றலாம், தண்ணீர் நிற்காத பாத்தியாக மட்டும் இருக்க வேண்டும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, அதன் மேல் மண்ணுக்குப் பதிலாகச் சலித்த மக்குரத்தை மெல்லிசாகத் தூவுங்கள், மேலே சொன்ன ஓடு பிடிக்காது.

பந்தல் அவரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதை ஆடியிலேயே போட்டிருக்க வேண்டும். ஆனால் எப்போது போட்டாலும் பகல் குறுகினால்தான் அது பூக்கும், அதனால்தான் ஆவணியில் கொடி மட்டும் காடாகப் படர்ந்து ஒரு பூவைக்கூடக் காட்டாது. "மலட்டுக் கொடி" என்று சொல்லி வெட்டிவிடாதீர்கள், கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆடியைத் தவறவிட்டவர்கள் செடியவரை போடுங்கள், அதற்கு இந்தக் கணக்கு இல்லை.

மூடாக்குக்கு வைக்கோல், சருகு, காய்ந்த களை எதுவும் ஆகும், மூன்று விரல் கனம். செம்மண்ணில் கரையான் வரும் என்று பயப்படுவார்கள். வரும்தான். அது தின்பது காய்ந்த சருகைத்தான், செடிக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் செடியைத் தொடாது. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் போடுங்கள், வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் தூவுங்கள்.

மார்கழிப் பனி

மார்கழியில் ஆட்கள் தாமாகவே வருவார்கள். விடியற்காலையில் கோயிலில் பொங்கல் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை அப்படியே அரை மணி நேரம் தோட்டத்துக்கு இழுத்துவிடலாம். நாங்கள் வேலை நேரத்தை ஞாயிறு சாயங்காலத்திலிருந்து காலை ஆறரைக்கு மாற்றியதும் வருகை கூடிவிட்டது.

தண்ணீரையும் காலையில்தான் விட வேண்டும், அதுவும் வேரில். சாயங்காலம் இலையை நனைத்தால் அதன் மேல் பனியும் இறங்கி, ராத்திரி முழுக்க ஈரத்திலேயே இருந்து இலைப்புள்ளி வரும். பனிக்காலத்தில் சாம்பல் நோயும் வரும். வெண்டை, பூசணி இலையில் மாவு தெளித்த மாதிரி வெள்ளை தெரிந்ததும் அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, புளித்த மோர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள். அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி அடையும். முதலில் கையாலேயே நசுக்கி, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பொறிவண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள், அதுவே தின்று தீர்த்துவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் இது ஒன்றை மட்டும் சாயங்காலம் செய்யுங்கள்.

வேலியோரத்தில் ஆவாரஞ்செடி இருந்தால் வெட்டாதீர்கள். ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுக்கிற வீடுகளில் ஆவாரம்பூவைத் தேடி அலைவார்கள். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி அந்தப் பூவுக்காகத்தான் முதல்முதலில் தோட்டத்துக்குள் வந்தார்கள், இப்போது கீரைப் பாத்தி முழுக்க அவர்கள் பொறுப்பு.

தையில் அறுவடையும் பங்காளிகளும்

போகிக்கு முந்தின வாரமே தெருத்தெருவாகச் சொல்லிவிடுங்கள்: சருகைக் கொளுத்தாதீர்கள், சாக்கில் கட்டி வைத்தால் நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். பொங்கல் முடிந்ததும் கரும்புத் தோகை, வாழையிலை, மாவிலைத் தோரணம் எல்லாம் வாசலுக்கு வரும். கரும்புச் சக்கையை அப்படியே போட்டால் எறும்பு மொய்க்கும், எருக்குழியில் சாணிக் கரைசலோடு அடுக்கடுக்காகப் போட்டால் ஆடிக்குள் மக்கிவிடும்.

அறுவடையைப் பங்கு போடுவதில்தான் தோட்டங்கள் உடைகின்றன. எடை போட்டுப் பங்கு பிரிக்காதீர்கள், அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் முதலில் அன்றைய சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், மீதி தோட்டத்து வாசலில் கூடையில் இருக்கட்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு முதல் நாள் மட்டும் எல்லோரும் ஒன்றாக இறங்கி அவரை, பரங்கி, முள்ளங்கி பறித்து, பனங்கிழங்கை அவித்து அங்கேயே சாப்பிடுங்கள்.

அந்த நாளுக்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. நம் ஊரில் இப்படிப்பட்ட தோட்டங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டின் பின்கட்டு மனையிலோ பக்கத்து மனையிலோதான் இருக்கும், அதற்கு ஒருவர் இரண்டு பேர் சொந்தக்காரர் கிடையாது, பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று இருப்பார்கள். ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் ஒரு இடத்தில் பந்தல் போட்டு, இன்னொரு பங்காளி வந்து எடுக்கச் சொன்னதும் வளர்ந்த கொடியோடு பிரித்துப்போட வேண்டியதாயிற்று. அவர் கேட்டது நியாயம், எங்களிடம் காகிதம் இல்லை. தையில் பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் அவர்கள் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள், காயைக் கொடுங்கள், என்ன செய்கிறோம் என்பதைக் காட்டுங்கள், கேட்கும்போது காலி செய்து தருவோம் என்று எழுதிய கடிதத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அடுத்த வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கிணறு இறைக்க மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக விதை. ஒவ்வொரு பாத்தியிலும் நன்றாகக் காய்த்த ஒரு செடியில் சிவப்புத் துணியைக் கட்டி, அதில் யாரும் கை வைக்காமல் விடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும், அவரையும் வெண்டையும் செடியிலேயே காய்ந்து கலகலக்க வேண்டும். தை வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அதே நாளில் நோட்டை எடுத்து எந்தப் பாத்தியில் தண்ணீர் நின்றது, எந்த வாரம் மழை விட்டது, யார் எந்த வேலையை விரும்பிச் செய்தார்கள் என்று எழுதிவையுங்கள். அடுத்த புரட்டாசியில் குச்சி ஊன்றும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பீர்கள்.